வாசலில் நின்ற சிவப்புக் கார்

கார் நின்றுவிட்டது. மருதமுத்து பிரேக்கை மிதிக்கவே இல்லை.

மிதிக்காத பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று குனிந்து காலைப் பார்த்தான். கால் பாவம், சும்மாதான் இருந்தது. எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் வெள்ளைப் புகை எழுந்து, மலாக்காவின் காஜா பேராங் சாலையில், சடக்கோரத்து மாமரத்துக்குள் நுழைந்து மறைந்தது.

அன்று காலைதான் அந்தப் பிரேக்கைப் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா எனும் சுதந்திரம் வருவதற்கு முன்பே மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்பிய துரை ஒருவரிடமிருந்து மருதமுத்து வாங்கிய கார் அது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. அரசாங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவனுக்கு அது அதிகம்தான். அவனுக்கே அது தெரியும். தெரிந்துதான் வாங்கினான். மெர்டேக்கா கொண்டாட்டத்தில் பத்து பெரண்டாம் என்ற இடத்து விமானத் திடலில் கார்ப் பந்தயம் நடக்கவிருந்தது. இத்தனை வருஷமும் வெள்ளைக்காரர்கள் மட்டுமே ஓட்டிய பந்தயத்தில் இந்த முறை மருதமுத்துவும் பெயர் கொடுத்திருந்தான்.

காரின் பழைய டிரம் பிரேக் ஒரு சோம்பேறி. வேகமாக ஓட்டி நான்கைந்து தடவை அழுத்திவிட்டால் சூடேறி, அதற்குமேல் என்ன மிதித்தாலும் காதில் போட்டுக்கொள்ளாது. அதனால்தான் பட்டறைக் கலியாணசுந்தரம் முன்சக்கரங்களுக்கு மட்டும் டிஸ்க் பிரேக் மாற்றிக் கொடுத்தான். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் புதுவகைப் பிரேக் அது. மலாக்கா முழுக்கத் தேடினாலும் இன்னொன்று இருக்காது.

"கிராணியாரே, இது சடக்குக்கும் ஆவும், பந்தயத்துக்கும் ஆவும்" என்று கலியாணசுந்தரம் நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருந்தான். "நினைச்ச எடத்துல நிக்கும் பாருங்க!"

நினைத்த இடத்தில்தான் நின்றிருந்தது. யார் நினைத்த இடம் என்பதுதான் தெரியவில்லை.

மருதமுத்து சுற்றிலும் பார்த்தான். எதிரே மரத்தாலான பழைய வீடு. பொழுது சாயும் நேரம். வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒரு குத்துவிளக்கு எரிந்தது. அதன் முன்னால் வாழையிலையில் சோறு, கறி, பலகாரம். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய ரம்புத்தானும் மங்குஸ்தானும். சாம்பிராணி மணத்தது. ஆள் மட்டும் இல்லை.

"வீட்டுல யாருங்க?"

படியில் ஒரு சொம்பில் தண்ணீர் இருந்தது. அதை எடுத்துப் போய்ப் புகைந்த சக்கரத்தில் ஊற்றினான். 'உஸ்ஸ்' என்று ஆவி எழுந்து அவனையும் காரையும் மூடியது. சொம்பைத் திருப்பி வைக்க வந்தவன் கைக்கு எட்டும் தூரத்தில் பழத்தட்டு இருந்தது. மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே ஒரு ரம்புத்தான் எடுத்தான்.

வீட்டுக்குள் யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது.

மருதமுத்து பழத்தோடு ஓடி வந்து காரில் ஏறினான். அதற்குள் சக்கரம் 'டக்' என்று விட்டுவிட்டது. யாரோ இத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருந்து, போ என்று கையை எடுத்த மாதிரி இருந்தது.

வீட்டில் மனைவி சந்திரமதியிடம் இதைச் சொல்லியிருக்கவே கூடாது.

"தானா நின்னுச்சா?" என்றாள் அவள். "முன்ன நிக்கச் சொன்னா நிக்காது. இப்ப சொல்லாமலே நிக்கிது. நல்ல முன்னேற்றம்தான்!"

"புதுப் பிரேக்கு, அப்படித்தான் இருக்கும்."

"இந்தா பாருங்க. நிறுத்துனா நிக்கணும், போன்னா போகணும். அப்படி ஆகுற வரைக்கும் நான் அதுல ஏற மாட்டேன், ரிக்‌ஷாவுலதான் போவேன். பந்தயத்தன்னிக்கும் இப்படியே இருந்தா மறுநாள் அந்தத் தெங்கேரா தௌக்கே வந்து காரைத் தூக்கிக்கிட்டுப் போவான். அவன்கிட்ட நான் பேசியாச்சு."

தெங்கேரா தௌக்கே பழைய இரும்பு வாங்கும் சீன முதலாளி. அவருக்குக் காரும் கட்டிலும் ஒன்றுதான். எல்லாவற்றையும் சம்மட்டியால்தான் பார்ப்பார். இந்தக் காரைத் தவிர மருதமுத்து தன் வாழ்க்கையில் ஆசைப்பட்டு எதையும் வாங்கியதில்லை. அது போய்விட்டால் மறுபடியும் சைக்கிள், ஆபீஸ், சைக்கிள்.

மறுநாள் காரைப் பட்டறையில் விட்டான்.

"தண்ணி ஊத்துனீங்களா?" என்று கலியாணசுந்தரம் தலையில் அடித்துக்கொண்டான். "சூடேறுன தட்டுல தண்ணி ஊத்துனா அது கோணிக்கும்லா! இனிமே மிதிச்சா மலேரியாக்காரன் மாதிரி உதறும்."

பிறகு பிரேக் ஆயிலைத் துளி குறையாமல் ரொப்பி, பெடலை இன்னும் இறுக்கிக் கொடுத்தான். "இப்ப போங்க. பஞ்சு மாதிரி போவும்."

அன்று சாயங்காலம் கார் பஞ்சு மாதிரிதான் போயிற்று, அந்த மாமரம் வரைக்கும். அங்கே உதறிக்கொண்டு நின்றது. புகை வந்தது. அது மட்டும் என்றால் தாங்கியிருப்பான். கார் அந்த வீட்டை நெருங்கும்போதே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் தாமே சாத்திக்கொண்டன. கடைசி ஜன்னல் மூடியதும் மாமரத்தில் கத்திக்கொண்டிருந்த மைனாக்கள்கூட வாயை மூடிக்கொண்டன.

கேட்டின் பக்கத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் வாழையிலை. இலையில் சூடாகச் சோறு, மீன் குழம்பு, மிளகாய்ச் சம்பால்.

மருதமுத்து காரை விட்டு இறங்கவில்லை. நிமிர்ந்து, நேராகப் பார்த்தபடி, கைகளை ஸ்டியரிங்கில் வைத்துச் சிலையாக உட்கார்ந்திருந்தான். அசைந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது. சம்பால் மணம் மட்டும் மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. நன்றாக இருட்டத் தொடங்கிய பிறகுதான் சக்கரம் விட்டது.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க" என்று மறுநாள் கலியாணசுந்தரத்தைப் பிடித்தான். "அந்தப் பிரேக்கு எங்கேருந்து வந்துச்சு?"

கலியாணசுந்தரம் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "சிங்கப்பூர்லேருந்துதான். ஜொகூர் பக்கம் மரத்துல மோதுன ஒரு வண்டி. வண்டி போச்சு, பிரேக்கு மட்டும் புதுசு மாதிரி இருந்திச்சு."

"ஓட்டுனவரு?"

"அவரும் போயிட்டாரு."

"அடப்பாவி! செத்தவன் காலடியில இருந்ததைக் கொண்டாந்து என் காருல போட்டீங்களா?"

"அவரு ஒழுங்கா மிதிச்சிருந்தா சாவாரா? பிரேக்கு மேல பழி போடாதீங்க" என்றான் கலியாணசுந்தரம். பேச்சில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது.

மருதமுத்துவுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தான். ஜொகூரில் மரத்தில் மோதியவன் இப்போது மலாக்காவில் மரத்தைக் கண்டால் பிரேக் பிடிக்கிறான். சாகும்போது மிதிக்காததைச் செத்த பிறகு மிதிக்கிறான். அப்படியானால் மாமரம் இல்லாத வழியில் போனால் போதும்.

அன்று தெங்கேரா வழியாகச் சுற்றி, காஜா பேராங்கின் பின்பக்கச் சந்தில் வந்தான். தென்னை மட்டும் இருந்த சந்து. பாட்டுக்கூடப் பாடினான். பாட்டின் நடுவிலேயே கார் உதறியது, புகைந்தது, நின்றது. ஒரு மூங்கில் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அதே வீட்டின் கொல்லை.

வீட்டுக்குள் தடதடவென்று காலடிச் சத்தம் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் ஓடி வந்தது. ஒரு ஜோடிக் கால் இல்லை, பல ஜோடி. பின்கதவு ஒரு சாண் திறந்தது. அந்த இடுக்கு வழியாக ஒரு தட்டு வெளியே தள்ளப்பட்டது. கதவு மூடிக்கொண்டது.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் பசியென்று ஒன்று இருக்கிறதே! பேய்க்குப் பயந்து பட்டினி கிடந்தவன் பேய் அடிக்கும் முன்பே செத்துவிடுவான் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, வேலியைத் தாண்டிக் கையை நனைத்தான். கோழிக்கறி. இத்தனை ருசியான கோழிக்கறியை அவன் கல்யாணமான பிறகு சாப்பிட்டதில்லை. அந்த நினைப்பு வந்ததும் பேயைவிடச் சந்திரமதிக்குப் பயந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டான்.

"சாப்பிட்டீங்களா?" என்று கலியாணசுந்தரம் வாயைப் பிளந்தான். "பேய் குடுத்ததைச் சாப்பிட்டா அது விடாதுங்க. வாடிக்கை வச்சுக்கும்."

வாடிக்கைதான் ஆயிற்று. அதன் பிறகு எந்த வழியில் வந்தாலும் கார் அந்த வீட்டின் முன்னாலோ பின்னாலோ நின்றது. தட்டு வந்தது. மருதமுத்து நடுங்கிக்கொண்டே சாப்பிட்டான். நடுக்கம் குறையவில்லை, இடுப்பு பருத்தது. வீட்டில் அவன் சோற்றை அளைந்துவிட்டு எழுந்திருப்பதைச் சந்திரமதி கவனித்தாள். கேட்டாள். பொய் சொல்ல வராத மனுஷன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அவள் சிரிக்கவில்லை. முதல்முறையாகப் பயந்தாள்.

"கார் போனாப் போகுது. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, தானே பரிகாரம் செய்தாள். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, பானெட்டுக்கு மூன்று பட்டை விபூதி போட்டு, சம்பங்கி மாலை சாத்தி, பின்னிருக்கை இல்லாத காரில் எங்கே வைப்பது என்று தெரியாமல் சாம்பிராணிச் சட்டியைக் கணவன் பக்கத்து இருக்கையில் வைத்தாள். கணவன் நெற்றியிலும் பட்டை போட்டாள்.

"இனிமே எதுவும் கிட்ட வராது."

அன்று சாயங்காலம் மாலையும் கழுத்துமாக, சாம்பிராணிப் புகையும் பிரேக் புகையும் ஒன்றாகக் கிளம்ப, கார் அந்த வீட்டு வாசலில் போய் நின்றது.

சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் கேவி அழும் குரல். அதைத் தொடர்ந்து மலாயில், கிசுகிசுப்பாக, "சுடா டாத்தாங்... சுடா டாத்தாங்..."

வந்தாச்சு, வந்தாச்சு.

மருதமுத்துவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். அன்று தெரியாமல் இருந்திருக்கலாம். யார் வந்தாச்சு? சடக்கில் அவனைத் தவிர யாரும் இல்லை. அப்படியென்றால் வந்தது அவனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. கதவைத் திறக்காமலே காரைத் தாண்டிக் குதித்து, வீடு வரைக்கும் ஓடினான். ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது.

விடிந்ததும் கலியாணசுந்தரத்தைக் கூட்டிக்கொண்டு காரை எடுக்கப் போனான். கார் விட்ட இடத்திலேயே இருந்தது. ஆனால் விட்ட மாதிரி இல்லை. யாரோ அதைக் கழுவித் துடைத்திருந்தார்கள். சிவப்பு பளபளத்தது. விளக்குகளில் முகம் பார்க்கலாம். ஓட்டுபவர் இருக்கையில் ஒரு சுருட்டும் தீப்பெட்டியும். மருதமுத்து தன் ஆயுளில் சுருட்டுக் குடித்ததில்லை. தொலைந்த செருப்பு சக்கரத்தின் அருகில், அதுவும் துடைக்கப்பட்டு, வைக்கப்பட்டிருந்தது.

"தௌக்கேகிட்டயே குடுத்திடறேன்" என்றான் மருதமுத்து. குரல் உடைந்தது. "என்னால முடியலண்ணே. எனக்கு இதெல்லாம் குடுத்து வைக்கல."

"மொதல்ல தள்ளுங்க. பட்டறையில போய் அழுங்க" என்றான் கலியாணசுந்தரம்.

தள்ளினார்கள். கொஞ்ச தூரத்தில் கலியாணசுந்தரத்துக்கே மூச்சு வாங்கியது. குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். யாரும் மிதிக்காத பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தது. சட்டென்று நிமிர்ந்தவனின் முகத்தில், தன் சட்டைப் பையிலேயே கண்ணாடியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியவனின் அசடு வழிந்தது.

பட்டறையில் பிரேக் பம்பைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சின்ன வால்வை எடுத்து மேசைமேல் போட்டான்.

"இதான் ஒங்க பேய்."

"என்னாது அது?"

"பழைய பிரேக்குக்கு உள்ள வால்வு. டிரம்முக்கு ஆயில் கொஞ்சம் எப்பவும் அழுத்திக்கிட்டே இருக்கணும், அதுக்கு இது வேணும். டிஸ்க்குக்கு ஆகாது. கவ்விக்கிட்டே இருக்கும். ஓட ஓடச் சூடாகி, கடைசில இறுகிப் போயிரும். ஆறுனா விட்டுரும். பம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீசணும்னு பழசையே வச்சுட்டேன்."

"அப்ப ஏன் அந்த வீட்டுக்கிட்டயே?"

"ஆபீஸ்லேருந்து எப்படிச் சுத்தி வந்தாலும் அங்க வர்றப்பதான் முழுசா சூடாவுது. ஒங்க ஆபீஸு வேற எடத்துல இருந்தா வேற வீட்டுல நின்னுருக்கும்."

"சோறு?"

கலியாணசுந்தரம் தோளைக் குலுக்கினான். "காஜா பேராங்கு சனங்க நல்ல சனங்க. வாசல்ல ஒருத்தன் தெனம் பசியோட நின்னா சோறு போடமாட்டாங்களா? கூச்சப்பட்டுக்கிட்டு வெளிய வரல போல."

மருதமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. நல்லவர்கள் வீட்டுக் கோழிக்கறியை இத்தனை நாளும் பேய்க்கறி என்று நினைத்து நடுங்கியிருக்கிறான்! பந்தயம் முடிந்ததும் ஒரு கூடை பழத்தோடு போய் நன்றி சொல்வது என்று முடிவு செய்தான். கோணிய தட்டைக் கலியாணசுந்தரம் வாய் பேசாமல் கடைந்து நேராக்கிக் கொடுத்தான்.

பந்தய நாளன்று விமானத் திடலில் வேடிக்கை பார்க்க ஊரே திரண்டிருந்தது. பந்தயத்துக்கு முன்னால் பிரேக் சோதனை. வேகமாக வந்து, தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். சந்திரமதி கயிற்றுக்குப் பின்னால், முந்தானையைக் கடித்தபடி நின்றாள். தௌக்கேயும் வந்திருந்தார், சம்மட்டி இல்லாமல்.

மருதமுத்து மிதித்தான். கார் நின்றது. உதறவில்லை, புகையவில்லை. கோட்டுக்கு முன்னால், அதை மிதிக்காமல், நல்ல பிள்ளையாக நின்றது. காலை எடுத்தான். உடனே நகர்ந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரு கார் நிற்பதற்கும் போவதற்கும் ஒரு மனுஷன் அழுவானா என்றால், அழுவான்.

பந்தயத்தில் அவனுக்கு மூன்றாவது இடம் கிடைத்தது. வளைவுகளில் மற்றவர்களின் பிரேக் தளர்ந்தபோது அவனுடையது தளரவில்லை. தௌக்கே கைகொடுத்துவிட்டுப் பெருமூச்சோடு போய்விட்டார்.

சந்திரமதி காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். சிவப்புப் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. கதவைத் தானே திறந்து, கணவன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன பாக்குறீங்க? வீட்டுக்கு ஓட்டுங்க."

மருதமுத்துவுக்கு அதுதான் முதல் பரிசாகத் தெரிந்தது.

காஜா பேராங் சடக்கில் திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாமரம் தெரிந்தது. அன்று ஜன்னல்கள் திறந்திருந்தன. கேட்டின் முன்னால் முதன்முதலாக ஆட்கள் நின்றார்கள். மலாய்ப் பெண்களைப் போலச் சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்திய வயதான அம்மா ஒருவர் கையில் தட்டோடு, அவருக்குப் பின்னால் வெள்ளை உடையில் மகன்கள், மருமகள்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

"சந்திரா, அவங்கதான்! ஒரு நிமிசம் நிறுத்தி, ஒரு நன்றி சொல்லிட்டு..."

"நிறுத்தாதீங்க!" அவள் அவன் கையைப் பிடித்தாள். "இங்க நின்னா, அது தானா நின்னுச்சா நீங்க நிறுத்துனீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு வந்து சொல்லிக்கலாம். இன்னிக்கி நிக்காமப் போங்க."

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. மருதமுத்து ஹார்னை இரண்டு முறை அடித்து, சிரித்துக் கையசைத்துவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் கடந்தான். கார் தடங்கலின்றிப் போயிற்று. சந்திரமதி அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். பின்னால் ஏதோ தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

மறுநாள் காலை, மருதமுத்து பழக்கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படும்போது பூக்காரி ருக்மணி வாசலுக்கு வந்தாள். தினமும் வருகிற நேரத்தைவிட வெகுநேரம் கழித்து வந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஏன் ருக்மணி, இவ்வளவு நேரம்?" என்றாள் சந்திரமதி.

"என்னாத்தச் சொல்றதும்மா. மாமரத்து வீட்டுல மலாய் பேசுற செட்டி அம்மா இருக்காங்கள்ல, அவங்களுக்குப் பூ குடுக்கப் போனேன். வீடே எழவு விழுந்த மாதிரி அழுவுது. அப்பாசாமி ஐயா இப்படிப் பண்ணுவாருன்னு யாருமே நினைக்கல."

"அது யாரு?"

"அந்தம்மாவோட வீட்டுக்காரரு. துரைக்குச் சிவப்புக் காரு ஓட்டுனவரு. போன வருசம் செத்துட்டாரு."

"போன வருசம் செத்தவருக்கு இன்னிக்கி எதுக்கு அழுவணும்?"

ருக்மணி பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "செத்தவங்களுக்குப் பழம் வச்சுப் படைச்ச அன்னிக்கே மனுசன் அந்தச் சிவப்புக் காருல வந்து எறங்கிட்டாராம்மா! பெரியவங்க சாப்பிடறப்ப பாக்கக் கூடாதுன்னு இவங்களும் கதவைச் சாத்திக்கிட்டு, தெனம் கோழி வச்சு, சுருட்டு வச்சு, காரையும் கழுவி வச்சுக் கும்பிட்டாங்க. நேத்து என்னடான்னா, பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமா எவளோ ஒருத்திய பக்கத்துல ஒக்கார வச்சுக்கிட்டு, பொண்டாட்டிக்குக் கையைக் காட்டிட்டு, வாசல்ல நிக்காமயே போயிட்டாராம்!"